நாலு மேசைக்கு நாலு சத்தம்

“ஏன் ராகுலன், இதுக்குச் சத்தம் இல்லையா?”

முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டது மனேஜர் மஜீத் சேர். திரையில் ஒரு லொறி இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு கிரேன் பெட்டி பெட்டியாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. இராகுலனின் விரல் அப்படியே விறைத்துப்போய்விட்டது. லொறி ஓரத்தில் நின்றது, மூன்று பெட்டி கடலுக்குள் விழுந்தது, ‘ஆட்டம் முடிந்தது’ என்று சிவப்பு எழுத்து வந்தது. தன்னுடைய ஆட்டமும் முடிந்ததென்றே அவன் நினைத்தான்.

நினைக்காமல் என்ன செய்வான்? திங்கட்கிழமை காலை பத்தேகால் மணி. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற அந்தக் கந்தோரில் சம்பளம் கொடுப்பது துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் கடதாசி வேலை பார்க்க. லொறியில் பெட்டி பிடிக்க இல்லை.

விளையாட்டின் பெயரே ‘பெட்டி பிடி’தான். கப்பல் குறைந்த ஒரு மாதத்தில் இராகுலன் பொழுது போகாமல் தானே எழுதிய புரோகிராம் அது. பக்கத்து மேசை றம்ஸானுக்கு ஒருநாள் காட்டினான். அதோடு சரி. ஒரு கிழமைக்குள் ஜெஸ்மின் மேசைக்குப் போய், இன்பாஸ் மேசைக்கும் போய், கந்தோரில் இருந்த நாலு கொம்பியூட்டரிலும் குடியேறிவிட்டது. சேரின் அறைக்கு மங்கல் கண்ணாடி. உள்ளே இருந்து பார்த்தால் வெளியே வெறும் நிழல்தான் தெரியும். அவர் எழும்பி வந்தாலும் கதவு முதலில் கிறீச்சென்று கத்தும். கதவு கத்தி முதல் காலடி விழுவதற்குள் நாலு திரையிலும் கப்பல் பட்டியல் வந்துவிடும். அன்றைக்கு மட்டும் மனுஷன் துறைமுகத்துக்குப் போய்விட்டு வாசலால் வந்துவிட்டார். வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டிருந்தது யாருடைய வேலையோ தெரியாது.

“சேர்... இது... சும்மா...”

“நீங்களா செஞ்ச?”

“ஓம் சேர்.”

“கெட்டிக்காரன்,” என்றார் மஜீத் சேர். இராகுலனுக்குக் காது நம்பவில்லை. “ஆனா ஒரு சத்தமும் இல்லாம ஊமை மாதிரிக் கிடக்கே. சத்தம் போட ஏலுமா?”

“ஏலும் சேர்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள?”

“ஏலும் சேர்!”

“நல்லம். ஆனா ஒண்டு. வேலை நேரத்தில வேலைதான். இதை அதுக்கு வெளிய பாருங்க. வெள்ளிக்கிழமை உங்கட நிரந்தரக் கடித விஷயமும் இருக்குதானே? எல்லாத்தையும் ஒண்டாப் பாப்பம்.”

சொல்லிவிட்டு அவர் அறைக்குள் போனார். கதவு கிறீச்சென்றது. இராகுலன் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

நிரந்தரக் கடிதம் என்ற ஒரு சொல்லுக்காக அவன் பதினொரு மாதமாகக் காத்திருக்கிறான். அவன் மட்டுமா? சாம்பல்தீவில் அவன் கட்டப்போகிற தர்சிகா காத்திருக்கிறாள். அவளுடைய அப்பா இரத்தினசிங்கம் காத்திருக்கிறார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். மெசேஜ், மெயில் ஒன்றையும் அவர் கடிதமென்று ஒப்புக்கொள்ள மாட்டார். “தம்பி, நீங்கள் நல்ல பிள்ளை. ஆனால் நிரந்தரம் எண்ட கடிதத்தை நான் கையில பிடிச்சுப் பாத்தாப் பிறகுதான் நாள் குறிக்கிறது,” என்று தை மாதமே சொல்லிவிட்டார். அதற்கு முன்பே இரண்டு கலியாண நாள் குறித்துக் கைவிட்டும் ஆகியிருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் தர்சிகாவுக்கு விஷயத்தைச் சொன்னான்.

“வேலை நேரத்தில விளையாடினதுக்கு ஏச்சு விழேல்லையோ?” என்று கேட்டாள் அவள்.

“இல்லை. கெட்டிக்காரன் எண்டவர்.”

“உங்கட சேருக்குக் காய்ச்சல் கீய்ச்சலோ?”

“உமக்கு என்னில நம்பிக்கையே இல்லை. மனுஷனுக்குக் கொழும்பில இருந்து ஒவ்வொரு நாளும் போனில ஏச்சு. கடதாசி பிந்துது, பிந்துது எண்டு. ஒரு மன ஆறுதலுக்குக் கேக்கிறார்.”

அதுதான் விஷயமென்று இராகுலன் முடிவே கட்டிவிட்டான். பாவம், மனுஷன் ஒரு விளையாட்டைப் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தான். வேலை நேரத்துக்கு வெளியே பார்க்கச் சொன்னதை மட்டும் அவன் அவ்வளவு கணக்கெடுக்கவில்லை. லிங்கநகர் வீட்டில் கொம்பியூட்டர் கிடையாது. பிறகு எங்கே வைத்துப் பார்ப்பான்?

முதல் வேலையாகப் பெட்டி லொறியில் விழுகிற சத்தம் வேண்டும். செவ்வாய் காலை குசினிக்குப் போய் ஒரு கோப்பையை எடுத்துக் கரண்டியால் தட்டிப் போனில் பதிவு செய்தான். டிங். அங்கே பரீதா அக்கா தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டு நின்றார். தேத்தண்ணி ஊற்றுவதும், போட்டோக் கொப்பி அடிப்பதும், கந்தோரில் நடப்பது எல்லாவற்றையும் தெரிந்துவைத்திருப்பதும் அவருடைய வேலை.

“என்ன தம்பி, கோப்பையோட கோவமா?”

“சத்தம் பிடிக்கிறன் அக்கா. சேர் கேட்டவர்.”

“சேரா? சத்தமா?” பரீதா அக்கா கரண்டியோடு நின்று யோசித்தார். “அந்த மனிசன் தும்முறதே வாயைப் பொத்தித்தானே?”

மேசைக்கு வந்து இராகுலன் எழுதத் தொடங்கினான். விளையாட்டு ஓடும்போது கொம்பியூட்டர் ஒரு நொடிக்கு அறுபது தரம் படத்தைப் புதிதாக வரையும். ஒவ்வொரு தரமும், ‘பெட்டி லொறியில் பட்டுவிட்டதா?’ என்று தனக்குள் கேட்டுக்கொள்ளும். பட்டிருந்தால் ‘டிங்’ போடு என்று எழுதினான். சின்ன விஷயம். ஒரு வரி.

ஆனால் பெட்டி லொறியில் பட்டால் அரை நொடியாவது அங்கே கிடக்குமே! அந்த அரை நொடிக்குள் கொம்பியூட்டர் முப்பது தரம் கேட்டு, முப்பது தரம் பட்டிருக்கிறதென்று கண்டு, முப்பது டிங்கையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கொட்டியது. வந்தது டிங் இல்லை. கூரைத் தகடு வெட்டுகிற மெஷின் கந்தோருக்குள் ஓடின மாதிரி ஒரு ‘டிர்ர்ர்ர்’.

ஜெஸ்மின் காதைப் பொத்திக்கொண்டு எழும்பினாள். இன்பாஸ் பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை அடித்து நிறுத்தினான். கந்தோர் முழுவதும் இருண்டது. அடுத்த நிமிஷம் ஜெஸ்மின் அலறினாள், “அல்லாஹ்! என்ட நாலு பக்கமும் போச்சு! நான் சேவ் பண்ணல்ல!”

கதவு கிறீச்சென்றது. மஜீத் சேர் வெளியே வந்தார்.

“சத்தம் வந்திட்டுது போல,” என்றார் சேர்.

“கொஞ்சம் கூடிப்போச்சு சேர்.”

“கூடினாப் பரவாயில்ல. குறையாமப் பாத்துக்கோங்க.”

அவர் போய்விட்டார். இராகுலனும் ஜெஸ்மினும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஏச்சு விழாததில் ஜெஸ்மினுக்குத்தான் கூடக் கோபம்.

மத்தியானத்துக்குள் அவன் அதைத் திருத்தினான். ஒருதரம் டிங் போட்டால் ‘போட்டாச்சு’ என்று குறித்துவைத்துக்கொள், குறித்திருந்தால் மறுபடி போடாதே என்று எழுதினான். அடுத்த பெட்டி வந்ததும் அந்தக் குறிப்பை அழிக்கவேண்டும் என்பதை மறந்துபோனான். முதல் பெட்டிக்கு டிங் என்றது. அதற்குப் பிறகு நூறு பெட்டி விழுந்தாலும் மூச்சில்லை.

மூன்று மணிக்கு சேர் கூப்பிட்டார்.

“ஒரே ஒருக்காத்தான் கேட்டுது. மத்தவங்க ஒருத்தரும் விளையாடல்லையா?”

“விளையாடுகினம் சேர். சத்தம்தான் ஒருக்கா வருது.”

“அப்படி இருக்கப் படாது ராகுலன். விளையாடுற நேரம் முழுக்கக் கேக்க வேணும்.”

எல்லாரும் சந்தோஷமாக விளையாடுகிறார்களா என்று ஒரு மனேஜர் கவலைப்படுவதா! இராகுலனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இந்த மனுஷனுக்காக என்னவும் செய்யலாம் என்று பட்டது. திரும்ப எழுதினான். இந்த முறை, ஒரு டிங் முடிந்த பிறகுதான் அடுத்த டிங், எல்லாம் வரிசையில் நிற்கவேண்டும் என்று எழுதினான். ஒரு டிங்கும் தவறிப்போகாது.

புதன்கிழமை காலை றம்ஸான் விளையாட உட்கார்ந்தான். கந்தோரில் கெட்டிக்கார ஆட்டக்காரன் அவன்தான். பெட்டிகள் விழுகிற வேகத்துக்கு டிங்கால் ஓட ஏலவில்லை. நூற்று நாற்பது பெட்டி பிடித்தபோது நாற்பது டிங்தான் வெளியே வந்திருந்தது. மிச்ச நூறும் வரிசையில் நின்றன. அந்த நேரம் பார்த்துக் கதவு கிறீச்சென்றது. றம்ஸான் சட்டென்று விளையாட்டை மூடிவிட்டு சீமெந்துக் கப்பலின் பட்டியலைத் திறந்து நெற்றியைச் சுருக்கிக்கொண்டான்.

விளையாட்டு மூடிவிட்டது. டிங் மூடவில்லை.

“றம்ஸான், சீமெந்துக் கப்பல் எப்ப வருது?”

டிங்.

“நாளண்டைக்கு சேர்.”

டிங்.

“கடதாசி எல்லாம் முடிஞ்சா?”

டிங். டிங்.

“முடியப் போகுது சேர்.”

டிங்.

மஜீத் சேர் அவசரப்படவேயில்லை. எந்தத் துறை, எத்தனை டொன், யார் பொறுப்பு என்று நின்று நிதானமாகக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் கொம்பியூட்டர் மணி அடித்தது. றம்ஸானின் சேட்டு நனைந்துவிட்டது. கடைசி டிங் முடிந்ததும் சேர் இராகுலன் பக்கம் திரும்பினார்.

“மூடினாப் பிறகும் கேக்குதே.”

“அது பிழை சேர். இண்டைக்கே திருத்துறன்.”

“ஏன் திருத்துறீங்க? அதுதான் இருக்கிறதில திறம். அதை அப்படியே விடுங்க.”

பிழையைத் திறம் என்று சொல்கிற ஒரு ஆளை இராகுலன் அதுவரை கண்டதில்லை. தலையைச் சொறிந்தான். றம்ஸான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிட்ட வந்தான்.

“மச்சான், சத்தமில்லாம இருந்தப்ப இது விளையாட்டு. இப்ப இது வருத்தம். கழட்டிப் போடுடா.”

“சேர்தானே கேக்கிறார்.”

“சேருக்கு என்ன விசரா?”

“உனக்குக் கலை விளங்காது, விடு.”

றம்ஸான் கலையை விளங்கிக்கொள்ளாமலே கொம்பியூட்டரின் சத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனான். ஜெஸ்மினும் இன்பாஸும் அதையே செய்தார்கள். பதினொரு மணிக்கு சேரிடமிருந்து மறுபடி அழைப்பு.

“இப்ப ஒண்டுமே கேக்கல்ல.”

“அவையள் சத்தத்தைக் குறைச்சுப் போட்டினம் சேர்.”

“குறைக்க ஏலாம செய்ய ஏலுமா?”

இராகுலனுக்கு “ஏலும் சேர்” என்று பழக்கத்தில் வந்துவிட்டது.

விளையாட்டைத் திறந்தவுடன் கொம்பியூட்டரின் சத்தம் தானாகவே உச்சத்துக்குப் போகவேண்டும் என்று எழுதினான். மூடும்போது பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை எழுதவில்லை. மறதிதான், வேறென்ன?

இரண்டரைக்கு ஜெஸ்மின் ஒரு ஆட்டம் ஆடி முடித்துவிட்டு, கடலில் நிற்கிற கப்பலின் கப்டனுக்கு வீடியோ கோல் எடுத்தாள். கப்டன் எந்த நாட்டுக்காரரோ, பெரிய தொண்டைக்காரர். “குட் ஆஃப்டர்நூன், ட்ரிங்கோமலி!” என்று அவர் சொன்னதில் கந்தோரின் சுவரெல்லாம் அதிர்ந்து, கூரையில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்து, தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். பரீதா அக்கா கொண்டுவந்த நாலு தேத்தண்ணியில் இரண்டு தட்டத்திலேயே ஊற்றுப்பட்டது.

“ராகுலன்!” ஜெஸ்மின் கண் கலங்கிவிட்டாள். “நான் உங்களுக்கு என்ன செஞ்ச? சொல்லுங்க, என்ன செஞ்ச?”

இராகுலன் கைகூப்பினான். கந்தோரில் மூன்று பேர் அவனோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். கதைக்கிறவர் சேர் ஒருவர்தான். அவர் கதைப்பது ஒன்றும் விளங்குவதாயில்லை.

வியாழக்கிழமை காலை அவரே மேசைக்கு வந்தார்.

“எல்லாம் ஒரே டிங்கா இருக்கு. உள்ள இருந்து கேக்க எனக்கு ஒண்டும் பிரிச்சுப் பாக்க ஏலாமக் கிடக்கு. நாலு மேசைக்கும் நாலு சத்தம் போட ஏலுமா? ஆட்டம் தொடங்குற ஒவ்வொரு தரமும் ஒருக்கா வந்தாப் போதும். நல்லாக் கேக்க வேணும்.”

“என்ர மேசைக்கும் வேணுமோ சேர்?”

“பின்ன? பாரபட்சம் இருக்கப் படாது.”

சத்தங்களை அவன் ஓடியோடிப் பிடித்தான். யன்னலால் போனை நீட்டி, உள்துறைமுகத்தில் நின்ற கப்பல் ஊதியதைப் பிடித்தான். றம்ஸான் வீட்டு ஆடு கத்துகிற வீடியோ ஒன்று ஏற்கெனவே போனில் கிடந்தது. பரீதா அக்கா வீட்டிலிருந்து குக்கர் விசிலை அனுப்புவித்தார். இன்பாஸ் வந்து இறங்கிய ஓட்டோவின் ஹோர்ன் நாலாவது. பட்டியலைச் சொன்னபோது சேர் ஒரு கொப்பியைத் திறந்து எழுதிக்கொண்டார். பிறகு பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல் திருப்பிச் சொன்னார்:

“ஆடு, றம்ஸான். விசில், ஜெஸ்மின். ஓட்டோ, இன்பாஸ். கப்பல், நீங்க. சரிதானே?”

“சரி சேர்.” இராகுலனுக்குக் கண்ணே பனித்தது. தன் விளையாட்டை இவ்வளவு அக்கறையாக ஒருவரும் பாடமாக்கியதில்லை.

பத்து மணிக்கு ஆடு கத்தியது. கதவு கிறீச்சென்றது.

“றம்ஸான் துறைமுகத்துக்குப் போனதுதானே? பிறகு எப்படி ஆடு கத்தும்?”

“அது இன்பாஸ் சேர்.”

“இன்பாஸ் ஓட்டோவல்லவா?”

“போன மாசம் ரெண்டு பேரும் கொம்பியூட்டரை மாத்தினவை சேர். நான் கொம்பியூட்டரின்ர பேரை வச்சு எழுதிப்போட்டன். அதுதான் ஆடு இன்பாஸிட்ட வந்திட்டுது.”

மஜீத் சேர் கிட்ட இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கிழமையில் முதல் தடவையாக அவருடைய முகம் கறுத்தது.

“இப்படி மாறினா எல்லாம் பிழைச்சுப் போயிடும் ராகுலன். ஒருத்தர்ட பாவம் இன்னொருத்தர்ட தலையில விழும். அநியாயமாப் போயிடும்.”

ஆட்டுச் சத்தம் ஓட்டோக்காரனிடம் போவதில் என்ன பாவம், என்ன அநியாயம் என்று இராகுலனுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஆனால் கடிதம் நாளைக்கு. வேர்க்க வேர்க்க எல்லாவற்றையும் கலைத்துத் திரும்ப எழுதினான். எழுதிய பிறகு சரிபார்க்க வேண்டும். சரிபார்ப்பது என்றால் தன் மேசையில் ஆட்டத்தைத் தொடங்கிப் பார்ப்பதுதான். தொடங்கினான். ஊஊஊம் என்று கப்பல் ஊதியது. கொஞ்சம் பிந்தி வந்த மாதிரி இருந்தது. ஒரு வரியை மாற்றிவிட்டுத் திரும்பத் தொடங்கினான். ஊஊஊம். இப்போது இரண்டு தரம் ஊதியது. திரும்ப மாற்றினான். ஊஊஊம். ஊஊஊம். ஊஊஊம்.

அன்றைக்கு முழுவதும் ஓர்ஸ் ஹில்லில் கப்பல் ஊதிக்கொண்டேயிருந்தது. அவனுடைய தட்டத்தில் சீமெந்துக் கப்பலின் கடதாசி அப்படியே கிடந்தது. ஒவ்வொரு தரம் ஊதும்போதும் மங்கல் கண்ணாடிக்கு அப்பால் சேரின் நிழல் குனிந்து ஏதோ எழுதுவது தெரிந்தது. நிரந்தரக் கடிதத்துக்குச் சிபாரிசு எழுதுகிறார் என்று இராகுலன் நினைத்தான். மனுஷன் இவ்வளவு எழுதுகிறாரே என்று வெட்கமாகவும் இருந்தது.

பின்னேரம் மூன்றரைக்கு மறுபடி ஊஊஊம் என்று கேட்டது. கதவு திறந்து சேரின் தலை மட்டும் வெளியே வந்தது.

“இப்ப ஊதினது நீங்களா?”

“இல்லை சேர். கப்பல்.”

“கப்பல் நீங்கதானே?”

“இது உண்மையான கப்பல் சேர். துறைமுகத்தில.”

“ஆ,” என்றார் சேர். தலை உள்ளே போனது. அழிறப்பரை எடுத்து எதையோ கவனமாக அழிக்கிற நிழல் தெரிந்தது.

இராகுலன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த ஊதலுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாகிவிட்டது. ஆடு றம்ஸானிடம், ஓட்டோ இன்பாஸிடம், விசில் ஜெஸ்மினிடம். ஒன்றும் மாறவில்லை, ஒன்றும் குறைக்க ஏலாது, மூடினாலும் நிற்காது. சேர் வந்து பார்த்தார்.

“அருமை. எல்லாருக்கும் சொல்லுங்க, புதுசு வந்திருக்கெண்டு. நான் அறைக்குள்ளதான் இருப்பன்.”

இராகுலன் சொன்னான். சேரே சொல்கிறார் என்றதும் மூன்று பேரின் முகமும் கொஞ்சம் தெளிந்தது. றம்ஸான்கூட, “சரி மச்சான், போனது போகட்டும்,” என்று தோளில் தட்டினான். கிழமை முழுக்க இருந்த மனக்கசப்பு தீர வேண்டாமா? ஆளுக்கு நாலைந்து ஆட்டம் ஆடினார்கள். ஆடு கத்தியது, விசில் அடித்தது, ஓட்டோ ஹோர்ன் போட்டது. இராகுலன் அவர்களுக்கு நடுவில் பெருமையோடு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றேகாலுக்கு சேர் பரீதா அக்காவை உள்ளே கூப்பிட்டார். பதினொன்றரைக்கு ஜும்ஆத் தொழுகைக்காகத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் வாசலால் போனார். கொஞ்ச நேரத்தில் பரீதா அக்கா நாலு கடித உறையோடு வந்தார். ஆளுக்கொன்று மேசையில் வைத்தார்.

றம்ஸான் தன்னுடையதைக் கிழித்தான். ஒரே ஒரு தாள் கடிதம், அதோடு இன்னொரு தாள். வாசித்தான். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். இராகுலனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொழப் போனான். ஜெஸ்மின் வாசித்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இன்பாஸ் இரண்டு தரம் வாசித்தான்.

“நல்ல வேலை பாத்தீங்க காக்கா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான்.

“தேங்க்ஸ் இன்பாஸ்,” என்றான் இராகுலன்.

அவர்களுக்குப் பொறாமை என்று நினைத்தான். அவர்களும் பாவம்தான். அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு தாள். தன்னுடைய உறையைத் தூக்கிப் பார்த்தான். தடிப்பாக இருந்தது, பாரமாகவும் இருந்தது. போனை எடுத்தான்.

“மாமா! கடிதம் வந்திட்டுது!”

“என்ன சொல்லுறீர் தம்பி!” சாம்பல்தீவில் இரத்தினசிங்கம் கதிரையை விட்டு எழும்பியது சத்தத்தில் தெரிந்தது. “திறந்து பாத்தனீரோ?”

“இனித்தான் மாமா.”

“திறக்காதேயும்! இண்டைக்கு வெள்ளி. பன்னிரண்டு மணி மட்டும் இராகுகாலம். நல்ல கடிதத்தை அதுக்குள்ள திறக்கிறதோ? சரி, பாரம் எப்படி?”

“பாரம்தான் மாமா. நல்ல தடிப்பு. மற்றவைக்கு எல்லாம் ரெண்டு தாள்தான்.”

இரத்தினசிங்கம் சிரித்தார். முப்பத்தொரு வருஷம் தராசில் கடிதம் நிறுத்தவர் சிரிக்கிற சிரிப்பு.

“அப்ப யோசிக்கத் தேவையில்லை. ஒற்றைத் தாளில வாறது ஏச்சு. கட்டா வாறதுதான் நியமனம். நிபந்தனை, சம்பளத் திட்டம், லீவு எண்டு எல்லாம் சேத்துத்தானே அனுப்புவாங்கள்? பன்னிரண்டு அடிச்சதும் நான் ஐயருக்குப் போன் பண்ணி ஆவணியில நாள் கேக்கிறன். தர்சிகா, இஞ்ச வா பிள்ளை! பாயாசத்துக்குச் சவ்வரிசி இருக்கோ எண்டு பார்!”

பின்னால் தர்சிகா ஏதோ கத்துவது கேட்டது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. ஒரு விளையாட்டு, நாலு சத்தம். இதற்குப் போய் மனுஷர் இவ்வளவு செய்வார்களா? சேரைத் தான் ஒரு நேரம் விசரென்றுகூட நினைத்துவிட்டோமே என்று இராகுலனுக்கு மனம் குத்தியது.

சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டுக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. பரீதா அக்கா வெறும் கோப்பைகளைப் பொறுக்க வந்தார். அவன் உறையை உள்ளங்கையில் வைத்து நிறுத்துக் காட்டினான்.

“பாத்தீங்களா அக்கா? மற்றவைக்கெல்லாம் ரெண்டே ரெண்டு தாள். எனக்கு மட்டும் என்ன இவ்வளவு பாரம்?”

பரீதா அக்கா கோப்பையைத் தட்டத்தில் வைத்தார்.

“பாரமாத்தானே இருக்கும் தம்பி? வேலை நேரத்தில யாரு எத்தின தரம் விளையாடுற எண்டு சேர் உள்ள இருந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் கோடு போட்ட கொப்பியை நாந்தானே போட்டோக் கொப்பி அடிச்சு உறைக்குள்ள வச்ச; ஆட்டுக்கும் விசிலுக்கும் ஓட்டோக்கும் ஒவ்வொரு பக்கம், கப்பலுக்கு மட்டும் ஒம்பது பக்கம்.”